அரிவாளுக்கு முந்தைய நாட்கள்

2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது. அன்று சாயங்காலம் வங்கியில் கேஷ் டேலி பண்ணிக்கொண்டிருந்தபோது சக ஊழியர் ஒருவர் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். 'பார்த்தீங்களா சார், நாங்குநேரி பையன் 469 மார்க். ஆளை வெட்டினாலும் படிப்பை வெட்ட முடியாதுன்னு காட்டிட்டான்ல.' நல்ல மனுசர். தனக்குச் சாதி கிடையாது என்று மனசார நம்புகிறவர். கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது. எனக்கும் சந்தோசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அன்றைக்குத் தொண்டையில் மாட்டிய முள். இன்னும் இறங்கவில்லை.

படிப்பை வெட்ட முடியாதாம். அதைத்தானே தோழர்களே, தினம் தினம் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

நடந்ததை ஒருதரம் ஞாபகப்படுத்திக்கொள்வோம். 9.8.2023 இரவு. நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் பையனை, அவன் படித்த வள்ளியூர் பள்ளியின் ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தொலைக்காட்சி ரத்தத்தைக் காட்டியது, தலைவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காயம் ஆறாத கையோடு, தான் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுத, அந்தப் பையன் தேர்வு முடித்து 600க்கு 469 வாங்கினான். முதலமைச்சர் கூப்பிட்டுப் பாராட்டினார். பாராட்ட வேண்டியதுதான்.

அந்த இரவுக்கு முந்தைய நாட்களை யார் பேசினார்கள்? அவன் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்த நாட்கள் அவை. எடுபிடி வேலை ஏவுகிறார்கள், சிகரெட் வாங்கிவரச் சொல்கிறார்கள், மிரட்டுகிறார்கள். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் என்ன நடக்கும்? பதினேழு வயசுப் பையன் கண்டுபிடித்த ஒரே வழி, போகாமல் இருந்துவிடுவது. ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோதுதான் வாயைத் திறந்தான். சொன்னதற்குப் பழிவாங்கத்தான் இரவில் வீடு தேடி வந்தார்கள்.

நான் பேச வந்தது இந்த 'ஆப்சென்ட்' பற்றி. அரிவாள் கடைசியில் வருகிறது. அதற்கு வெகுநாள் முன்னாலேயே வருகைப் பதிவேட்டில் பையனுடைய பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்துவிடுகிறது. அந்தக் குறிதான் முதல் வெட்டு. அதில் ரத்தம் வராது, செய்தியும் வராது.

*

நான் காலடிப்பேட்டைக்காரன். கலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய ஊர் இது. கலெட்பேட்டைதான் நம்ம வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. (காலடி என்ற சொல்லுக்கு எங்கள் ஆயா வேற அர்த்தம் சொல்லும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) இப்போது மெட்ரோ ரயில் நிற்கிறது. நைனா ஹார்பரில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது.

2002இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். இது ஒரு பள்ளிக்கூடத்தின் குற்றம் கிடையாது. ஸ்காலர்ஷிப் படிவம் வந்தது. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே சொன்னார், 'எஸ்.சி.யெல்லாம் எழுந்து நில்லு.' தலை எண்ணவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நிற்கவில்லை. பெயரைப் போட்டால் கோவித்துக்கொள்வான், அதனால் 'அவன்' என்றே வைத்துக்கொள்கிறேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: 'சார், இவனும்தான் சார்!' வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அவனுக்குப் பெயர் 'ஸ்காலர்ஷிப்பு'. 'டேய் ஸ்காலர்ஷிப்பு, தண்ணி கொண்டாடா.' 'ஸ்காலர்ஷிப்பு, துட்டு வந்தா ட்ரீட் வெப்பியா?'

கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். நான் மூன்று வரி எழுதிப் போடுவதை மனசிலேயே போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதி வாத்தியாரிடம் திட்டு வாங்குவான். அந்தப் பெயர் விழுந்த பிறகு கரும்பலகைக்குப் போகமாட்டேன் என்றான். கூப்பிட்டால் 'தெரியாது சார்' என்பான். தெரியும். எனக்குத் தெரியும் அவனுக்குத் தெரியும் என்று. ஆனால் கரும்பலகைக்குப் போகிற அந்தப் பத்தடி தூரத்தில் நாற்பது பேர் 'ஸ்காலர்ஷிப்பு' என்று முணுமுணுப்பார்களே! அரையாண்டில் கணக்கிலேயே ஃபெயில். அப்புறம் ஒருநாள் சைக்கிள் ஸ்டாண்டில் அடிதடி. அவன்தான் முதலில் அடித்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். தலைமை ஆசிரியர் 'நடுநிலையாக' இரண்டு பேரையும் வெளியே நிறுத்தி, அப்பாவைக் கூட்டிவந்தால்தான் உள்ளே என்றார். அந்தப் பையனின் அப்பா மறுநாளே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இவனுடைய அப்பா இல்லை. அம்மா காசிமேட்டில் மீன் தரம் பிரிக்கிற வேலை. ஒருநாள் கூலி போனால் அடுப்பு எரியாது. வரவில்லை. அவனும் வரவில்லை.

பதிவேட்டில் ஒருவாரம் ஆப்சென்ட், இரண்டு வாரம் ஆப்சென்ட். பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் போர்டில் ஏறும்போது அந்தக் கோடு போட்ட பெயர் கணக்கில் சேராது பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு நஷ்டமே இல்லை.

அவன் இப்போது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நல்லாத்தான் இருக்கிறான். கவிதைப் புத்தகம் போட்டபோது ஒன்று கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, 'மச்சான், இதுல என்னப் பத்தி எய்தல இல்ல?' என்று கேட்டான். எழுதவில்லை. அன்றைக்கு எழுந்து நின்ற எட்டுப் பேரில் ஒருத்தன்கூட அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை, நான் உள்பட. அதை எப்படிக் கவிதையில் எழுதுவது? (நாங்குநேரிக்கு அப்புறமும் ஒரு கவிதை எழுதினேன். நல்லவேளை, எங்கும் அனுப்பவில்லை.)

*

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, மார்க்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற 'தகுதி, திறமை' ஆசாமிகளுக்கு ஒரு சங்கதி. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்று இரண்டு பெண் ஆய்வாளர்கள், உலக வங்கிக்காக உத்தரப் பிரதேச கிராமங்களில் ஒரு சோதனை செய்து 2004இல் வெளியிட்டார்கள். ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். ஆதிக்க சாதியில் 321 பேர், சமார் சாதியில் 321 பேர். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்தார்கள், குழந்தைகள் பத்திரிகையில் வருமே, எலி எந்த வழியாகப் போனால் உணவு கிடைக்கும் என்று, அந்த மாதிரி. ஒரு புதிர் போட்டால் ஒரு ரூபாய். யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது இரண்டு தரப்பும் ஒரே மாதிரி போட்டார்கள். வித்தியாசமே இல்லை. இன்னொரு குழுவில், ஆரம்பிக்கும் முன்பு ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் உரக்க வாசித்து, சரிதானா என்று கேட்டுத் தலையாட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை. சமார் பையன்கள் போட்ட புதிர்கள் சடாரென்று குறைந்துவிட்டன.

அதே பையன், அதே மூளை, அதே ஒரு ரூபாய். சாதியை உரக்க வாசித்ததும் பென்சில் நின்றுவிடுகிறது. அந்தக் கட்டுரையைப் படித்த ராத்திரி எனக்குச் சைக்கிள் ஸ்டாண்டெல்லாம் ஞாபகம் வரவில்லை. 'எழுந்து நில்லு' என்ற அந்த இரண்டு சொல்தான் காதில் கேட்டது. எங்கள் வாத்தியார் தினமும் அந்தச் சோதனையை நடத்தினார், ரூபாய் கொடுக்காமல்.

பாபாசாகேப் சத்தாராவில் படித்தபோது உட்கார ஒரு சாக்குத்துணியை வீட்டிலிருந்து எடுத்துப்போய்த் திரும்ப எடுத்துவர வேண்டும். பள்ளியின் பியூன் உயரத் தூக்கித் தண்ணீர் ஊற்றினால்தான் குடிக்கலாம். பியூன் ஆப்சென்ட் என்றால் அன்றைக்குத் தாகம்தான். அப்படி இருந்தும் அவர் படித்து மேதை ஆனார் என்றுதான் நாம் மேடையில் முழங்குகிறோம். அதே சாக்குத்துணியில் உட்கார்ந்து எழுந்து போய்விட்ட மற்றப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? 1957இல் அமெரிக்காவில் லிட்டில் ராக் நகரத்து வெள்ளையர் பள்ளியில் முதன்முதலாக ஒன்பது கருப்பின மாணவர்கள் ராணுவத் துணையோடு நுழைந்தார்கள். அதில் ஒருவர் அடுத்த வருசம் பட்டம் வாங்கினார், வரலாறு ஆனார். அந்த ஒன்பதில் ஒரு பெண், தினமும் சீண்டியவர்கள்மேல் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்த தகராறில் ஆரம்பித்து, 1958 பிப்ரவரியில் பள்ளியைவிட்டே நீக்கப்பட்டார். சீண்டிய கூட்டம் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தது. எங்கள் தலைமை ஆசிரியரின் நடுநிலைமைக்குக் கடல் தாண்டியும் சொந்தக்காரர்கள் உண்டு.

'மாணவர் மோதல்' என்ற சொல்லே ஒரு மோசடி. மோதல் என்றால் சரிக்குச் சரி இரண்டு கை இருக்கவேண்டும். தெற்கே கயிறு கட்டுகிறார்கள், நிறம் பார்த்துச் சாதி தெரிந்துகொள்ள. 2019இல் பள்ளிக்கல்வித் துறை இயக்குநர் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டார். எச்.ராஜா எதிர்த்தார், கையில் கட்டுவதும் நெற்றியில் இடுவதும் இந்துமத நம்பிக்கையாம். அன்றைய அமைச்சர் செங்கோட்டையன், எனக்குத் தெரியாமல் வந்த சுற்றறிக்கை, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் அதே கயிற்றுத் தகராறில் ஒரு பிளஸ் டூ மாணவன் செத்துப்போனான். எந்தச் சாதிப் பிள்ளையாக இருந்தால் என்ன, செத்தது பதினேழு வயசு.

பேருந்தை மறந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடம் போகிற வழியும் பள்ளிக்கூடம்தான். 1995 ஜூலையில் வீரசிகாமணியில் பள்ளி மாணவர்களுக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் வந்த தகராறில் பற்றிய தீ, ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்தைப் போலீஸ் சூறையாடியது வரைக்கும் போனது. முப்பது வருசம் கழித்து, 2025 மார்ச் 10ஆம் தேதி, தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போன தலித் பையனின் கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று செய்தி. தேர்வு நாளில், விரலை! இதற்குப் பிறகும் 'படிப்பை வெட்ட முடியாது' என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வருமா வராதா?

*

'அதெல்லாம் திருநெல்வேலி சமாச்சாரம், மெட்ராசுல ஏது சாதி?' இதை எங்கள் ஆட்களே சொல்கிறார்கள். 12.11.2008 அன்று உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி வாசலில், போலீஸ் கை கட்டி நிற்க மாணவர்கள் அடித்துக்கொண்டதை நாடே பார்த்தது. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டதில் தொடங்கியது அது. கேமராவுக்கு முன்னால் தடி எடுத்தவன் தலித் மாணவன் என்பதால் ஊரே தடியை மட்டும் பார்த்தது. அந்தத் தடிக்கு முந்தைய நாட்களை அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் கயிறு கிடையாது, வாஸ்தவம். 'இன்னா ஏரியா?' உண்டு. தெருப் பெயர் சொன்னால் போதும், சாதி சொன்ன மாதிரி. குப்பமா, சேரியா, ஹவுசிங் போர்டா, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். அப்புறம் ரூட்டு. எந்த பஸ்ஸில் வருகிறாய், அந்த ரூட்டுக்கு யார் 'தல'? கல்லூரிப் பையன்களின் வியாதி என்கிறார்கள், பத்தாம் வகுப்பிலேயே அண்ணன்களுக்குக் கொடி பிடித்துப் பழகுகிறார்கள். 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அடிபட்டு ஒரு மாநிலக் கல்லூரி மாணவன் செத்தான். இந்தச் சண்டைகளில் நிற்கிற பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரி ஆகவேண்டிய பிள்ளைகள். உழைக்கிறவன் பிள்ளையும் உழைக்கிறவன் பிள்ளையும் எதற்கு அடித்துக்கொள்கிறான் என்று நம் மேடைகளில் பேசுவதே கிடையாது. கூவத்தின் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றி அனுப்பினார்களே, அந்தப் பிள்ளைகள் வருசத்தின் நடுவில் புது வகுப்பில் போய் நின்றபோதும் முதலில் கேட்டது அதே ஏரியாக் கேள்விதான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். போன வருசம் கவுன்ட்டரில் ஒரு பையன், கூட அம்மா. கணக்கோடு ஆதார் இணைக்க வந்தார்கள். இப்போது ஸ்காலர்ஷிப் பணம் நேரே கணக்குக்கு வருகிறது, இணைக்காவிட்டால் வராது. பின்னால் வரிசை. நான் படிவத்தைப் பார்த்து வழக்கம்போல உரக்கக் கேட்டேன்: 'எஸ்.சி. ஸ்காலர்ஷிப்பா?' பையன் தலையைக் குனிந்தான். வரிசையில் அவன் வகுப்பு யூனிஃபார்மில் இன்னொரு பையன் நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அந்த அம்மா, 'சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார்' என்றார். நான்! அம்பேத்கர் படத்தை வீட்டில் மாட்டி, இந்தப் பத்திரிகைகளில் எழுதுகிற நான்! இருபது வருசம் கழித்து அந்த வாத்தியாரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். வெட்கப்பட வேண்டியது அந்தப் பையன் இல்லை என்று வியாக்கியானம் செய்யலாம். சாதியை மறைக்காதே, நெஞ்சை நிமிர்த்திச் சொல் என்று நாமே எழுதியும் இருக்கிறோம். சரிதான். ஆனால் எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதை அவன் முடிவு செய்யவேண்டும். கவுன்ட்டர்காரன் இல்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 18.6.2024 அன்று அறிக்கை கொடுத்தது. கயிறு தடை பற்றித்தான் பத்திரிகைகள் எழுதின, பாஜகவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் கத்தியது. எனக்குப் பெரிதாகப் பட்டவை வேறு. வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக் கூடாது. ஸ்காலர்ஷிப் விவரத்தை வகுப்பில் அறிவிக்காமல் தனியாகச் சொல்லவேண்டும். ஆசிரியர்களை ஒரே இடத்தில் வேர்விட விடாமல் மாற்றவேண்டும், ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கமோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமை ஆசிரியராகப் போடக் கூடாது. 500 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்கு ஒரு நல அலுவலர். மாணவன் கையில் இருக்கிற கயிற்றைவிட ஆசிரியர் அறையில் இருக்கிற கயிறு தடிமன் என்று அந்த அறிக்கை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பொதுத் துறையோடு சேர்க்கவேண்டும் என்றும் சொல்கிறது. இதில் நம் தோழர்களுக்குள் சண்டை உண்டு, 1,138 நலப் பள்ளிகளின் இடமும் வேலையும் கைவிட்டுப் போகும் என்ற பயம் நியாயமானது. என் கருத்து, பெயர்ப் பலகையை எடுக்கலாம், சொத்தை விடக் கூடாது. அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

அறிக்கை இருக்கட்டும். நாம் என்ன செய்கிறோம்? அரிவாள் வந்த பிறகு வருகிறோம். சுவரொட்டி அடிக்கிறோம், 'நீதி வேண்டும்' என்று, நானும் வாசகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லிக் காவல் நிலைய வாசலில் உட்காருகிறோம். எல்லாம் செய்யவேண்டியதுதான். ஆனால் நம் தெருப் பையன் எட்டு நாளாக யூனிஃபார்ம் போடாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், அவனைத் தாண்டித்தான் நாம் ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம். 'என்னடா ஸ்கூலு இல்லியா?' 'இல்லண்ணா, வயித்து வலி.' சரி என்று போய்விடுகிறோம். எட்டு நாள் வயிற்று வலியா?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், அதில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிய பங்கும் வேண்டும். எத்தனை சேரித் தாய்மாருக்கு அதில் உறுப்பினர் என்பதே தெரியும்? கூட்டத்துக்குப் போய்ச் சத்துணவு முட்டையைக் கேட்பது போல, இந்த மாதம் பத்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார், ஏன் என்று கேட்கலாம். மாணவத் தோழர்கள் இதைச் செய்யமுடியும். ஒன்பதாம் வகுப்புப் பையன் எங்களை மாதிரி முப்பது தாண்டிய ஆளிடம் சொல்லமாட்டான், கல்லூரி அண்ணனிடம் சொல்வான்.

எங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஜூன் மாதத்திலிருந்து ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை முப்பத்தொரு பிள்ளைகள். சாதிப் பத்தி கிடையாது. பெயர், வகுப்பு, வராத நாள், காரணம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து பார்ப்போம். கண்டெய்னர் ஓட்டுகிற என் சிநேகிதன் லோடு இல்லாத வாரம் வந்து உட்காருவான், அவன் மகளும் அந்த நோட்டில் இருக்கிறாள்.

இந்த வாரம் மூன்று பெயர். ஒருத்திக்கு டெங்கு, ஸ்டான்லியில் சேர்த்திருக்கிறார்கள். ஒருத்தன் ஊருக்குப் போயிருக்கிறான், பாட்டி சாவு. மூன்றாவது பையன் பத்தாம் வகுப்பு, ஆறு நாள், காரணம் என்ற இடம் காலி. வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. அம்மா கம்பெனியிலிருந்து ஏழு மணிக்கு மேல்தான் வருமாம். நாளைக்கு பேங்க் முடித்துப் போகவேண்டும்.